கணக்கெடுப்பு கேட்காத கேள்வி, போன் பில் சொன்ன பதில்

போன எபிசோட்ல கிராஃப் டேட்டாபேஸ் பத்திப் பேசும்போது, "லூவேன் அல்காரிதம்"னு ஒரு பேரைச் சொல்லிட்டு அப்படியே நகர்ந்துட்டேன். அது ஆளா, ஊரான்னு சிலர் கேட்டிருந்தீங்க. ஊர்தான். பெல்ஜியத்துல இருக்கிற ஊர். இன்னும் துல்லியமா சொன்னா, மொழிச் சண்டையில ரெண்டா உடைஞ்ச ஒரு பல்கலைக்கழகத்தோட பேர். அந்தப் பல்கலைக்கழகத்தோட ஒரு பாதியில உட்கார்ந்துதான், 20 லட்சத்துக்கும் மேற்பட்டவங்களோட போன் அழைப்புகளை வச்சு, நாடு எந்தக் கோட்டுல உடைஞ்சிருக்குன்னு ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் கண்டுபிடிச்சது. இந்த எபிசோட் அந்தக் கதை.

நான் வேலை பார்க்கிற இடத்துல இந்த அல்காரிதத்தை ஒரே வரி கோட்ல கூப்பிட்டுட்டுப் போயிடுவோம். பைத்தான்ல ஒரு லைப்ரரி, ஒரு ஃபங்ஷன், முடிஞ்சது. அந்த ஒரு வரிக்குப் பின்னாடி இவ்வளவு வரலாறு இருக்கும்னு யாரும் சொல்லித் தர்றதில்ல. அதனால கொஞ்சம் பின்னாடி போய் ஆரம்பிக்கிறேன்.

பெல்ஜியம் சின்ன நாடு. வடக்குல பிளாண்டர்ஸ், டச்சு மொழி. தெற்குல வலோனியா, பிரெஞ்சு. கிழக்கு ஓரத்துல கொஞ்சம் ஜெர்மன். நடுவுல, ஆனா பிளாண்டர்ஸ் பக்கமா, தலைநகர் பிரஸ்ஸல்ஸ். அது ஒரு காலத்துல டச்சு பேசின ஊர். ஆட்சி, படிப்பு, உத்தியோகம் எல்லாம் பிரெஞ்சுல நடந்ததால ரெண்டு மூணு தலைமுறையில பிரெஞ்சு பேசுற நகரமா மாறிடுச்சு. இந்த மாற்றம் பிரஸ்ஸல்ஸோட நிக்காம சுத்தியிருக்கிற கிராமங்களுக்கும் பரவுறதைப் பார்த்த பிளெமிஷ் மக்கள், அதுக்கு ஒரு பேர் வச்சாங்க: எண்ணெய்க் கறை. துணியில சொட்டின எண்ணெய் மாதிரி, தானா விரிஞ்சுக்கிட்டே போகுதுன்னு அர்த்தம்.

1932ல ஒரு சட்டம் வந்தது. ஒரு ஊராட்சியில எந்த மொழியில நிர்வாகம் நடக்கணும்னு மக்கள்தொகைக் கணக்கெடுப்புதான் தீர்மானிக்கும். உங்க ஊர்ல இன்னொரு மொழிக்காரங்க 30 சதவீதத்தைத் தாண்டினா அந்த மொழிக்கும் அலுவலகத்துல இடம் கொடுக்கணும். பாதியைத் தாண்டினா ஊரோட மொழியே மாறும். கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா யோசிச்சுப் பாருங்க, கணக்கெடுக்க வர்றவர் "நீங்க என்ன மொழி?"ன்னு கேட்கிற அந்த நொடியில, அது ஓட்டுப் போடுற மாதிரி ஆகிடுது. வீட்டுல ஒரு மொழி பேசிட்டு, மதிப்பு இருக்கிற இன்னொரு மொழியைச் சொல்றவங்களும் இருப்பாங்க. 1947ல எடுத்த கணக்கெடுப்போட மொழி முடிவுகள் அவ்வளவு சர்ச்சையானதால, 1954லதான் வெளியிட்டாங்க. ஏழு வருஷம். வெளியிட்டதும் மூணு ஊர்கள் பிளாண்டர்ஸ் பக்கத்திலிருந்து இருமொழி பிரஸ்ஸல்ஸுக்குள்ள போச்சு. அதுவரை 16 ஊராட்சிகளா இருந்த பிரஸ்ஸல்ஸ் 19 ஆச்சு. இந்த 19ங்கிற எண்ணை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வரும்.

அடுத்த கணக்கெடுப்பு நெருங்கினப்போ, மொழிக் கேள்வி இருக்கிற படிவத்தை விநியோகிக்க மாட்டோம்னு பிளெமிஷ் மேயர்கள் பலர் மறுத்துட்டாங்க. கடைசியில 1961ல நாடாளுமன்றம் ஒரு முடிவுக்கு வந்தது: இனி கணக்கெடுப்புல மொழியைக் கேட்கவே கூடாது. அடுத்த வருஷம் மொழி எல்லையை வரைபடத்துல ஒரு கோடா போட்டு நிரந்தரமாக்கிட்டாங்க. அன்னையிலிருந்து பெல்ஜியத்துல எத்தனை பேர் டச்சு, எத்தனை பேர் பிரெஞ்சுங்கிறதுக்கு அரசுக் கணக்கெடுப்பு எண்ணிக்கை கிடையாது. மதிப்பீடுகள்தான் உண்டு. தெரியாம விட்டது இல்ல இது. கேட்க வேண்டாம்னு சட்டம் போட்டு விட்டது.

இப்போ பல்கலைக்கழகத்துக்கு வருவோம். 1425ல ஆரம்பிச்ச பழைய கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். அந்த ஊர் டச்சுல லூவன், பிரெஞ்சுல லூவேன். புது மொழி எல்லைப்படி அது பிளாண்டர்ஸுக்குள்ள வருது. ஆனா பல்கலைக்கழகத்துல பிரெஞ்சுப் பிரிவும் இருந்தது, அதோட ஆசிரியர்கள், குடும்பங்கள், பள்ளிக்கூடங்கள் எல்லாம் அங்கேயே. எண்ணெய்க் கறை இங்கயும் வந்துடும்னு பிளெமிஷ் மாணவர்கள் தெருவுல இறங்கினாங்க. "வலோன்களே வெளியேறுங்க"ங்கிறதுதான் கோஷம். 1968 பிப்ரவரியில இந்த விவகாரத்துல மத்திய அரசே கவிழ்ந்தது. முடிவு: பல்கலைக்கழகம் ரெண்டாகும், பிரெஞ்சுப் பாதி மொழி எல்லையைத் தாண்டி வலோனியாவுக்குப் போகும். வயல்வெளியில ஒரு புது நகரமே கட்டினாங்க. பேரு லூவேன்-லா-நவ். புது லூவேன்னு அர்த்தம். 1972ல முதல் மாணவர்கள் வந்தாங்க.

நூலகத்தை எப்படிப் பிரிச்சாங்கன்னு கேட்டா சிரிப்பீங்க. இல்ல, சிரிக்கலாமான்னு தெரியல. அந்த நூலகம் 1914ல ஜெர்மன் படை வச்ச தீயில எரிஞ்சது. உலகம் முழுக்கப் பணம் திரட்டிக் கட்டினாங்க. 1940ல மறுபடி எரிஞ்சது. மறுபடி சேர்த்தாங்க. அப்படிச் சேர்த்த புத்தகங்களை, அலமாரி எண் ஒற்றைப்படையா இருந்தா ஒரு பக்கம், இரட்டைப்படையா இருந்தா இன்னொரு பக்கம்னு பிரிச்சுக்கிட்டாங்க. என்னைக் கேட்டா, பார்ட்டிஷனிங் அல்காரிதத்துக்கு இதைவிட மோசமான உதாரணம் கிடையாது. எது எதோட சேரும்னு பார்க்காம, எண்ணைப் பார்த்து வெட்டுறது.

இதுக்கு நேர் எதிரான ஒரு அல்காரிதம் அதே பல்கலைக்கழகத்தோட பிரெஞ்சுப் பாதியில பிறந்ததுதான் எனக்குப் பிடிச்ச இடம்.

2007ல எத்தியென் லெஃபெவ்ர்ங்கிற முதுகலை மாணவர், லூவேன்-லா-நவ்ல தன்னோட ஆய்வேட்டுக்காக இதோட முதல் வடிவத்தை எழுதினார். பிறகு வின்சென்ட் ப்ளோண்டெல், ழான்-லூ கியோம், ரெனோ லாம்பியோத் மூணு பேரும் சேர்ந்து அதைச் செதுக்கி 2008ல கட்டுரையா வெளியிட்டாங்க. கையில இருந்தது ஒரு பெல்ஜிய மொபைல் கம்பெனியோட ஆறு மாசப் பதிவுகள். நம்ம ஊர் போலீஸ் செய்திகள்ல சி.டி.ஆர்னு அடிக்கடி படிப்பீங்களே, அந்த வகைதான். யார் யாருக்குக் கூப்பிட்டாங்க, எப்போ, எவ்வளவு நேரம், எந்த டவர்லேருந்து. என்ன பேசினாங்கன்னு அதுல ஒரு வார்த்தை கூட இருக்காது. ஆராய்ச்சிக்காக உருவானதும் இல்ல. பில் போடுறதுக்காகச் சேருற குப்பை மாதிரி.

அல்காரிதம் எப்படி வேலை செய்யுது? ஒரு பெரிய கல்யாண மண்டபத்தை நினைச்சுக்கோங்க. முதல்ல எல்லாரும் தனித்தனியா நிக்கிறாங்க. ஒவ்வொருத்தரா சுத்திப் பார்த்து, தனக்குத் தெரிஞ்சவங்க எந்தக் கும்பல்ல அதிகமா இருக்காங்களோ அங்க போய்ச் சேர்றாங்க. ஆனா ஒரு நிபந்தனை. சமையல் கான்ட்ராக்டர் மாதிரி எல்லாருக்கும் தெரிஞ்ச ஒருத்தரைத் தெரியும்கிறதுக்காக அவரோட கும்பலுக்குப் போகக்கூடாது. அவரை யாருக்குத்தான் தெரியாது? சும்மா எதேச்சையா நடந்திருந்தா எவ்வளவு தொடர்பு இருக்குமோ, அதைவிட அதிகமா இருக்கிற இடத்துக்குத்தான் போகணும். யாருக்கும் இடம் மாற வேண்டிய தேவை இல்லாத நிலை வந்ததும், ஒவ்வொரு கும்பலையும் ஒரே ஆளா பாவிச்சு மறுபடி முதல்லேருந்து. கும்பல்கள் சேர்ந்து பெரிய கும்பல். அவ்வளவுதான் விஷயம். இந்த எளிமையாலதான் 11 கோடியே 80 லட்சம் புள்ளிகள் இருந்த ஒரு இணையப் பக்க வலைப்பின்னலை 152 நிமிஷத்துல பிரிச்சுக் காட்டினாங்க.

முக்கியமான விஷயம், இந்த அல்காரிதத்துக்கு மொழி எதுன்னு சொல்லவே இல்ல. ஊரும் சொல்லல. யார் யாரைக் கூப்பிட்டாங்கங்கிற கோடுகள் மட்டும்தான். குழுக்களைப் பிரிச்ச பிறகுதான் வாடிக்கையாளர் பதிவுல இருந்த மொழியை எடுத்து வண்ணம் அடிச்சாங்க: பிரெஞ்சுக்குச் சிவப்பு, டச்சுக்குப் பச்சை. 10,000 பேருக்கு மேல இருந்த குழுக்கள் 36. அதுல ஒண்ணைத் தவிர மத்த எல்லாத்துலயும் 85 சதவீதத்துக்கு மேல ஒரே மொழிக்காரங்க. படத்துல ஒரு பக்கம் சிவப்புக் கொத்து, இன்னொரு பக்கம் பச்சைக் கொத்து. நடுவுல ரெண்டும் கலந்த அந்த ஒத்தைக் குழு, பாலம் மாதிரி.

அரசாங்கம் 1961ல கேட்க மாட்டேன்னு சட்டம் போட்ட கேள்வி. ஒரு ஆள்கிட்டயும் கேட்காம, தொலைபேசிக் கட்டணப் பட்டியலிலிருந்து பதில் வந்துடுச்சு. கூடவே, அந்த மொழி விவரம் அரசுகிட்ட இல்லாட்டியும் போன் கம்பெனியோட ஒரு காலம்ல சாதாரணமா உட்கார்ந்திருந்ததுங்கிறதையும் கவனிங்க.

இது நாட்டு அளவு. நகரத்துக்குள்ள என்ன ஆகும்? 2009ல ப்ளோண்டெல் குழுவும் எம்.ஐ.டி ஆட்களும் சேர்ந்து 571 பெல்ஜிய ஊர்களுக்கு இடையில போற அழைப்புகளை அளந்தாங்க. நியூட்டனோட ஈர்ப்பு விதி மாதிரியே வந்தது. ரெண்டு ஊர்களோட மக்கள்தொகையைப் பெருக்கி, தூரத்தோட வர்க்கத்தால வகுத்தா, அழைப்புகள் எவ்வளவுன்னு ஓரளவு சொல்லிடலாம். எனக்கு இஞ்சினியரிங் முதல் வருஷ ஃபிசிக்ஸ் ஞாபகம் வந்தது.

ஆனா ஈர்ப்பு விதிக்கு மொழி தெரியாது. அதனால 2010 அக்டோபர்ல ப்ளோண்டெல், கோத்தியே கிரிங்ஸ், புவியியலாளர் இசபெல் தோமா மூணு பேரும் 'பிரஸ்ஸல்ஸ் ஸ்டடீஸ்'ங்கிற இதழ்ல ஒரு கட்டுரை எழுதினாங்க. 2006ல ஆறு மாசம், 20 கோடிக்கும் மேற்பட்ட அழைப்புகள். இந்தத் தடவை ஆட்களுக்குப் பதிலா ஊராட்சிகளைப் புள்ளிகளா வச்சு, லூவேன் முறையால நாட்டைத் தொலைபேசி வட்டாரங்களாப் பிரிச்சாங்க. பக்கத்துப் பக்கத்து ஊர்கள் தானா ஒண்ணு சேர்ந்தது. வட்டாரங்களோட ஓரங்கள் பெரும்பாலும் மொழி எல்லையிலேயே வந்து நின்னது. ஒரே விதிவிலக்கு பிரஸ்ஸல்ஸ். அதோட வட்டாரம் 19 ஊராட்சிகளோட நிக்கல. சுத்தியிருக்கிற பகுதிகளையும் சேர்த்து இழுத்துக்கிட்டது.

இது எந்த நேரத்துல வந்ததுன்னு பாருங்க. பிரஸ்ஸல்ஸையும் அதைச் சுத்தியிருக்கிற பிளெமிஷ் ஊர்களையும் ஒரே தேர்தல் மாவட்டமா வச்சிருந்தாங்க. பிரஸ்ஸல்ஸ்-ஹாலே-வில்வோர்டேன்னு பேர். அதைப் பிரிக்கணுமா வேண்டாமாங்கிற சண்டையில 2010 ஏப்ரல்ல அரசு கவிழ்ந்தது. ஜூன்ல தேர்தல். அதுக்கப்புறம் 541 நாள் முழு அரசாங்கம் அமையவே இல்ல. அந்த இடைவெளிக்கு நடுவுலதான், பிரஸ்ஸல்ஸ் தன்னோட எல்லையைத் தாண்டி வழியுதுன்னு ஒரு வரைபடம். ஒரு பிளெமிஷ்காரர் கண்ணுக்கு அது எப்படித் தெரிஞ்சிருக்கும்? எண்ணெய்க் கறை.

இங்கதான் நான் ஒரு டேட்டா ஆளா கொஞ்சம் பிடிவாதமா நிக்கிறேன். பிரஸ்ஸல்ஸுக்குக் கூப்பிடுறதும் பிரெஞ்சு பேசுறதும் ஒண்ணு இல்ல. பக்கத்து டச்சு ஊர்ல வீடு, பிரஸ்ஸல்ஸ்ல ஆபீஸ்னு இருக்கிறவர் தினமும் ஆபீஸுக்கு டச்சுலயே பேசலாம். வரைபடத்துல அவரும் வழிஞ்சவர்தான். அழைப்பு எண்ணிக்கை, நகரம் எவ்வளவு தூரம் வேலை கொடுக்குதுன்னு சொல்லும். யாரோட மொழி யாரை விழுங்குதுன்னு சொல்லாது. அதே மாதிரி, பிரஸ்ஸல்ஸ்ல மொராக்கோ, துருக்கி, காங்கோவிலிருந்து வந்த குடும்பங்கள் எத்தனையோ. வீட்டுல அரபியோ துருக்கியோ லிங்காலாவோ பேசுறவங்களை சிவப்பு-பச்சைப் படத்துல தேடினா கிடைக்க மாட்டாங்க. ரெண்டு வண்ணம் வச்சுப் பார்த்தா ரெண்டு குழுதான் தெரியும். குழுவைக் கண்டுபிடிச்சது அல்காரிதம். குழுவுக்குப் பேர் வச்சது டேபிள்ல இருந்த காலம்.

குழு கண்டுபிடிச்சதுலயும் ஒரு ஓட்டை இருந்தது. 2019ல நெதர்லாந்தோட லைடன் பல்கலைக்கழகத்துல மூணு பேர் சோதிச்சுப் பார்த்தப்போ, லூவேன் முறை சில சமயம் உள்ளுக்குள்ள ஒட்டே இல்லாத ஆட்களைக் கூட ஒரே குழுன்னு சொல்லிடுதுன்னு காட்டினாங்க. அவங்க பார்த்த சில வலைப்பின்னல்கள்ல அப்படித் துண்டு துண்டா இருந்த குழுக்கள் 16 சதவீதம் வரைக்கும் போச்சு. அவங்க சரிபண்ணின முறைக்கு லைடன் அல்காரிதம்னு பேர். ஒரு குழுவுல உங்களைப் போட்டுட்டாங்க, ஆனா அந்தக் குழுவுல பாதிப் பேருக்கு உங்ககிட்ட வர வழியே இல்ல. நாங்க கடைக்கு வர்ற கஸ்டமரைப் பிரிக்கிறப்போ இது பெரிய விஷயம் இல்ல. ஒரு தப்பான கூப்பன் போகும், அவ்வளவுதான். ஒரு நகரத்துல யார் எந்தச் சமூகம்னு பிரிக்கிறப்போ?

ஒரு நல்ல செய்தியும் இந்த வகை ஆய்வுகள்லேருந்து வந்தது, அதையும் சொல்லிடறேன். 2014ல போர்ச்சுக்கல் மொபைல் அழைப்புகளை வச்சு ஒரு குழு பார்த்தது. லிஸ்பன்காரருக்கு, சுமார் 4,200 பேர் இருக்கிற லிஷாங்கிற சின்ன ஊர்க்காரரைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு தொடர்புகள். இது எதிர்பார்த்ததுதான். ஆனா உங்க நண்பர்கள் ரெண்டு பேரும் தங்களுக்குள்ள பேசிக்கிற வாய்ப்பு, ஊர் பெருசானாலும் குறையல. பெரிய நகரத்துல எல்லாரும் தனித்தனித் தீவுங்கிறது சரியில்ல போல. நகரத்துக்குள்ள ஆளாளுக்கு ஒரு கிராமத்தைக் கட்டிக்கிறாங்க. வித்தியாசம், பக்கத்து வீட்டுக்காரர் அந்தக் கிராமத்துல இருக்கணும்னு இல்ல.

இப்போ அபிஜான். மேற்கு ஆப்பிரிக்காவுல ஐவரி கோஸ்ட்டோட பெரிய நகரம். 2010 கடைசியில அதிபர் தேர்தல், தோத்தவர் நாற்காலியை விட மறுத்தார். அடுத்த சில மாசத்துல சுமார் 3,000 பேர் செத்தாங்க. அபிஜானுக்குள்ள அபோபோ ஒரு தரப்போட கோட்டை, யோபுகோன் இன்னொரு தரப்போட கோட்டை. எந்தப் பேட்டையில இருக்கீங்க, உங்க பேர் எந்தப் பகுதிப் பேர், இதெல்லாம் உயிர் சம்பந்தப்பட்ட விஷயமா இருந்தது.

சண்டை ஓய்ஞ்சு ஒரு வருஷத்துக்கு மேல ஆன நிலையில, 2011 டிசம்பர்லேருந்து 2012 ஏப்ரல் வரைக்குமான பதிவுகளை ஆரஞ்ச் மொபைல் கம்பெனி உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட்டது. 50 லட்சம் வாடிக்கையாளர்கள், அழைப்பும் எஸ்.எம்.எஸ்ஸும் சேர்த்து 250 கோடி பதிவுகள்ங்கிற அடித்தளம். அதுல முன்னாடி நின்னவங்கள்ல ஒருத்தர் அதே ப்ளோண்டெல். வளர்ச்சிக்காக டேட்டாங்கிறதுதான் திட்டத்தோட பேர். முழுசா கொடுக்கல. டவருக்கும் டவருக்கும் இடையில மணிக்கணக்குல எவ்வளவு போச்சு, 50,000 பேரோட நடமாட்டம் ரெண்டு ரெண்டு வாரமா, 5,000 பேரோட தொடர்பு வட்டம், இப்படித் துண்டு துண்டா, அடையாளங்களை எடுத்துட்டுத்தான் கொடுத்தாங்க. ஐ.பி.எம் ஆராய்ச்சியாளர்கள் அதை வச்சு அபிஜான் பஸ் வழித்தடங்களை எப்படி மாத்தினா பயண நேரம் 10 சதவீதம் வரைக்கும் குறையும்னு கணக்குப் போட்டாங்க. உபயோகமான வேலை, அதை நான் குறைச்சுச் சொல்லல.

ஆனா லூவேன்-லா-நவ்ல அழகான சிவப்பு-பச்சைப் படமா வந்த அதே கணக்கு, அபிஜான்ல, சரியான நேரத்துல தப்பான ஆள் கையில கிடைச்சா, எந்தத் தெருவுல யார் ஆட்கள்ங்கிற பட்டியல். பெல்ஜியத்துல அரசு கவிழும். அங்க அதோட நிக்காது.

அடையாளத்தை எடுத்துட்டாங்களே, அப்புறம் என்னன்னு நீங்க கேட்கலாம். அதுக்கான பதிலும் லூவேன்லேருந்தேதான் வந்தது. 2013 மார்ச்ல இவ்-அலெக்ஸாந்தர் தெ மோஞ்சுவா முதல் பேரா வச்சு, ப்ளோண்டெலும் சேர்ந்து எழுதின ஒரு கட்டுரை. ஒரு நாட்டுல 15 லட்சம் பேரோட 15 மாத மொபைல் பதிவுகளை எடுத்தாங்க. பேர் கிடையாது, நம்பர் கிடையாது. எந்த மணி நேரத்துல எந்த டவர், அவ்வளவுதான். ஒரு ஆள் எந்த நாலு நேரத்துல எந்த நாலு இடத்துல இருந்தார்னு தெரிஞ்சா போதும், 95 சதவீதம் பேரோட பதிவைத் தனியா பிரிச்சு எடுத்துடலாம். காலையில வீடு, பத்து மணிக்கு ஆபீஸ், சாயங்காலம் ஜிம், ஞாயித்துக்கிழமை மாமியார் வீடு. நாலு முடிஞ்சது.

ப்ளோண்டெல் 2014ல அந்தப் பல்கலைக்கழகத்துக்கே ரெக்டர் ஆனார். பெல்ஜியக் கணக்கெடுப்புல இன்னும் மொழிக் கேள்வி கிடையாது. போன் கம்பெனிகள் பில் போட்டுக்கிட்டுத்தான் இருக்கு.

அடுத்த எபிசோட்ல லைடன் அல்காரிதத்தை கோடோட பார்க்கலாம். கேள்வி இருந்தா அனுப்புங்க. வரேன்.